இரண்டாம் ஓலை

அத்தியாயம் 14

என் அம்மா ஊர் சுற்றுகிற ஆளே இல்லை. திருகோணமலையில் கப்பல் நின்றபோது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, நீ போய்விட்டு வா என்று கேபினிலேயே படுத்துக்கொண்டாள். அம்பாந்தோட்டையில் கால் வலி என்றாள். அப்படிப்பட்ட சரோஜினி டீச்சர், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சென்னைத் துறைமுக வாசலில் பெட்டி படுக்கையோடு நின்றுகொண்டு, "இவ்ளோ தூரம் வந்துட்டோம் ஜென்சி, பழைய மெட்ராஸை ஒரு சுத்து பாத்துட்டுப் போலாமா?" என்று கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றுதான் முதன்முதலில் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஜென்சி, வயது முப்பத்தொன்று, லிஃப்ட் கம்பெனியில் சேஃப்டி இன்ஸ்பெக்டர். வீடு அஸ்தினாபுரம். அப்பா சுந்தர்சிங் எங்கள் சர்ச் சபையின் செயலாளர். அம்மா ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ். போன வருஷம் முடிச்சூர் ஷெர்வினோடு எனக்கு நிச்சயம் ஆனது. ஆன இரண்டாவது மாதம், அந்த மகானுபாவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மேனேஜருக்குப் போன் போட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் ஜென்சி வேலைக்கு வரமாட்டாள், புரமோஷனை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டான். கொடுத்தார்கள். நான் வேலை சொல்லிக்கொடுத்த ஒருவனுக்கே கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே மோதிரத்தைக் கழற்றி அம்மா கையில் வைத்தேன். இது வேண்டாம், அவர்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றேன். நாலு நாள் கழித்து, சொல்லிவிட்டோம் என்றார்கள். நம்பினேன்.

கப்பல் டிக்கெட் என் தம்பி ஆபேல் ஷார்ஜாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அப்பா அம்மாவின் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்காக. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறவே முடியவில்லை, கப்பலில் எப்படி ஏறுவேன், என் பேரை எடுத்துவிட்டு ஜென்சி பேரைப் போடு என்றார். ஒரு ஞாயிறு காலையில் ஏறி, அடுத்த ஞாயிறு காலையில் இறங்குகிற பயணம். லீவு போட்டேன். ஆபீஸ்காரர்கள் நிம்மதியாக விடமாட்டார்கள் என்று முந்தின நாள் நானே போனை அணைத்து, திருப்பிக் கேட்டாலும் தராதே என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்ட வேகத்தையும் அப்போது கவனிக்கவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவள், வீட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

டாக்ஸி டிரைவர் கூட முதலிலேயே சொன்னார். "இன்னாம்மா, ஞாயித்துக்கெயமைல பாரிஸ் கார்னர்ல இன்னா கீது பாக்க? எல்லாம் சாத்திக்கினு கீது." அம்மா அவரை ஸ்கூல் பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேசாமல் வண்டியைக் கோட்டைப் பக்கம் திருப்பினார்.

கோட்டைக்குள் இருக்கும் பழைய சர்ச்சின் முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, காய்ச்சலிலும் பேதியிலும் போய்ச் சேர்ந்தவர்கள். நான் ஒவ்வொரு கல்லாகப் படித்து, இருபத்திரண்டு வயசும்மா, வந்து ஒரு வருஷம்கூட ஆகலை என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா 'ஐயோ பாவம்' என்றாள். கல்லைப் பார்த்ததைவிட அவள் வாட்சைப் பார்த்ததுதான் அதிகம்.

உள்ளே ஆராதனைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாத பெண்மணி, கசங்கின புடவையோடு எப்படிப் போவது, வேண்டாம் என்றாள். புடவை கசங்கவே இல்லை.

அப்புறம் ஹைகோர்ட் காம்பவுண்டுக்குள் இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தை ரோட்டில் நின்றபடி அண்ணாந்து பார்த்தோம். அரண்மனைக்காரத் தெருவில் பூட்டின கடைகளின் ஷட்டர்களைப் பார்த்தோம். துறைமுகம் வருவதற்கு முன்னால் கடல் இங்கே வரைக்கும் அலையடிக்குமாம் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். அம்மா, அப்படியா, இன்னும் கொஞ்ச தூரம் நடப்போம் என்றாள். கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நானும் அம்மாவும் இப்படிக் கை கோத்துக்கொண்டு நடந்ததே கிடையாது.

மணி ஒன்பதே முக்கால் ஆனதும் அம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். போதும், பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

பிராட்வே பக்கம் திறந்திருந்த ஒரே ஓட்டலில் உட்கார்ந்தோம். அம்மா கை கழுவப் போன நேரத்தில், டிரைவருக்கு எங்கே நிற்கிறோம் என்று சொல்வதற்காக அவள் கைப்பையிலிருந்து என் போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை. சப்ளையர் சார்ஜரைக் கொடுத்து மேஜையோரத்து பிளக்கைக் காட்டினார். இரண்டு நிமிஷத்தில் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் துள்ள ஆரம்பித்தது. நூற்றுக்கு மேல் செய்திகள்.

எங்கள் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள் ஜெரூஷா. அவள் அனுப்பியிருந்ததுதான் மேலே இருந்தது. 'வாழ்த்துகள்டி கள்ளி. கப்பல்ல ஒளிஞ்சிக்கிட்டா தெரியாதா? இப்பதான் ரெண்டாம் ஓலை வாசிச்சாங்க. அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதியாமே. என்கிட்டகூடச் சொல்லலை பாத்தியா.'

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இன்ன தேதியில் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று ஆராதனைக்கு நடுவே ஆயர் சபையைப் பார்த்துக் கேட்பார். யாரும் எதுவும் சொல்லாவிட்டால், அது ஊரறிய முடிவானது. எங்கள் சபையில் எட்டரைக்கு ஆராதனை தொடங்கினால் ஓலை வாசிக்க ஒன்பதரை ஆகும். கோட்டையிலும் ஹைகோர்ட்டிலும் அம்மா எதற்காக வாட்சைப் பார்த்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். மேஜை மேல் போனைப் பார்த்தாள். உட்காராமல் நின்றாள்.

"போன வாரம் முதல் ஓலையும் வாசிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"முதல்ல சாப்பிடு."

"வாசிச்சாச்சான்னு கேக்கறேன்."

"ஆச்சு," என்றாள் அம்மா.

போன ஞாயிறு ஒன்பதரை மணிக்கு நாங்கள் துறைமுகத்தில் பெட்டியை ஸ்கேன் செய்து கொண்டிருந்தோம். அம்மா என்னை நிற்க வைத்து, சிரி, ஆபேலுக்கு அனுப்பணும் என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அங்கே முழங்கால் வலிக்காரர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என் பெயரை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என் சம்மதம் இல்லாமல் எப்படி வாசிக்க முடியும், மணப்பெண் கையெழுத்துப் போட்ட ஃபாரம் வேண்டுமே என்றேன். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டு, "உன் கையெழுத்துதான் இருக்கே" என்றாள்.

இருந்தது. நிச்சயம் முடிந்த மறுவாரம் அப்பா காபி நேரத்தில் பேப்பர்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். ஹால் இன்னும் கிடைக்கவில்லை, தேதி அப்புறம் போட்டுக்கொள்ளலாம், நீ கையெழுத்தை மட்டும் போட்டுவை என்றார். ஒரு கையில் டம்ளரோடு காட்டின இடத்தில் எல்லாம் போட்டேன். தேதி போடாத சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எத்தனை பில்டர்களை நாள் கணக்கில் காக்க வைத்திருக்கிறேன். அந்த நான்தான் போட்டேன். கல்யாணமே நின்றுபோன பிறகு அந்தப் பேப்பர் என்ன ஆனது என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. என்னையே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவங்க வீட்ல சொல்லிட்டேன்னு சொன்னியே?"

அம்மா சொல்லவே இல்லையாம். பெண் கொஞ்சம் டைம் கேட்கிறாள் என்று மட்டும் சொன்னார்களாம். ஒரு வருஷமாக. பிறகு அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. இருநூறு பேர் முன்னால் நிச்சயம் பண்ணிவிட்டு எப்படி வேண்டாம் என்று சொல்வது, ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நிற்கிற பெண்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, ஊரார் கல்யாணத்தையெல்லாம் நடத்தி வைக்கிற செயலாளர் தன் பெண்ணை வீட்டிலே வைத்திருக்கிறார் என்று காதுபடவே பேசுகிறார்கள், அந்தப் பையன் என்ன குடித்தானா அடித்தானா, ஒரு போன்தானே பண்ணினான் என்று மூச்சு விடாமல் கொட்டினாள். சப்ளையர் சாம்பார் வாளியோடு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"சரி. அடுத்த வாரம் மூணாம் ஓலை. அன்னிக்கு நான் எந்தக் கப்பல்லயும் இருக்க மாட்டேன். எழுந்து நின்னு தடை சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அம்மா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "நிக்க மாட்டே. ஊரே வாழ்த்துச் சொன்னப்புறம், உங்கப்பா முகத்தைப் பாத்துட்டு நீ எழுந்து நிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

வயிறு எரிந்தது. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனதற்கு எரிந்ததைவிட இதற்கு அதிகம் எரிந்தது. ஏனென்றால் அவள் சொன்னது நடந்திருக்கும். என் பெயரை வாசிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பெற்றவளுக்குத் தெரியாதா.

வண்டியில் ஏறியதும் ஆபேலுக்குப் போன் போட்டேன். அவன் எடுத்ததும், "கங்கிராட்ஸ்க்கா, நீ ஒத்துக்கிட்டேன்னு அப்பா சொன்னாரு" என்றான். கட் பண்ணிவிட்டேன். அவனிடமும் பொய். மீனம்பாக்கம் தாண்டி, பல்லாவரம் தாண்டி, குரோம்பேட்டையில் திரும்பும்போது வீட்டுக்கு இடது பக்கம் என்று அம்மா டிரைவரிடம் சொன்னாள். வீட்டுக்கு இல்லை, சர்ச்சுக்கு விடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நேரே விட்டார்.

பதினொன்றரை. ஆராதனை முடிந்தும் வாசலில் ஒரு கூட்டம் நின்று பேசிக்கொண்டிருந்தது. பெண்கள் ஐக்கியத்து ஆன்ட்டி ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடித்து, கடைசியில் மனசு வந்துச்சே கண்ணு என்றார். இன்னொருத்தர் புடவை கலர் கேட்டார். யாரிடமும் எரிந்து விழ முடியவில்லை. அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்த முகமாகவே சொன்னாள்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். ஆலயப் படி ஏழும் மடமடவென்று இறங்கி வந்தார். ஏழு படி. நான் எண்ணினேன்.

"கப்பல் எப்படிம்மா இருந்துச்சு?" என்றார்.

"முழங்கால் எப்படிப்பா இருக்கு?" என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ஆயர் சத்தியநாதன் ஐயா தன் அறையில் அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். என் ஃபாரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். செயலாளர் வீட்டு ஃபாரம் என்பதால் அவர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அதை அவரே சொன்னார், சங்கடத்தோடு சொன்னார்.

என் கையெழுத்து நீல மையில் இருந்தது. அதற்குக் கீழே இந்த மாதத் தேதி, கறுப்பு மையில், அப்பாவின் வரிசை தப்பாத எழுத்தில் இருந்தது. இருபது வருஷமாகச் சபையின் தீர்மானங்களை எழுதுகிற கை. அதை மேஜையில் ஆயர் பக்கம் தள்ளினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் உன் நல்லதுக்குத்தான் ஜென்சி, வீட்டில் போய்ப் பேசிக்கொள்வோம், ஐயாவின் முன்னால் வேண்டாம் என்றார் அப்பா. நான் தடையை இப்போதே கொடுக்க முடியுமா, அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டுமா என்று ஆயரிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தால் போதும், காரணம் மட்டும் வேண்டும் என்றார்.

வெள்ளைத்தாளில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'மணமகளுக்குச் சம்மதம் இல்லை. இந்தப் படிவத்தில் உள்ள தேதி மணமகள் எழுதியதல்ல' என்று எழுதினேன். ஆயர் படித்துவிட்டு, சபைக்கு வரும் கடிதங்களைச் செயலாளர்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்றார். அது விதி. அந்த விதியை எழுதினவரே அப்பாதான்.

தாளை அப்பா முன்னால் வைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார், மூடினார், மறுபடியும் திருகினார். "என்னைக் கோயிலுக்குள்ள தலை நிமிர விடாம பண்ணிட்ட" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான் கலங்கியது, ஆனால் கோபம் ஒரு துளி குறையவில்லை. முத்திரையைக் குத்தினார். 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினார்.

தாளைத் திருப்பித் தள்ளினேன்.

"தேதி போடுங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். ஆயர் தன் மேஜையைப் பார்த்தார். அப்பா தேதியைப் போட்டார். கறுப்பு மைதான்.

முடிந்தது என்று எழுந்தேன். அதுவரை கதவோரம் கைப்பையை மார்போடு அணைத்து நின்ற அம்மா, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நீ அன்னிக்கு ரெண்டு ஃபாரத்துல கையெழுத்துப் போட்ட."

"சரோ," என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளை சபையிலும் ஓலை வாசிக்க வேண்டுமே. இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? முடிச்சூர் சபை. அங்கே ஆயர் ஷெர்வினின் பெரியப்பா. இரண்டாவது ஃபாரம் அங்கே போயிருக்கிறது, இங்கே வாசிப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள் அம்மா. கப்பல் ஏறுகிற அன்றுதான் அப்பா தன்னிடமே சொன்னார் என்றாள்.

"அப்ப அங்க மூணாம் ஓலை என்னிக்கு?"

"இன்னிக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆராதனையில."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை நிஜமாகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நான் ஆயரிடம் இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். முடிச்சூர் ஆயர் அவர்களுக்கு என்றுகூட எழுதவில்லை. முதலில் தேதியைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் எழுதினேன்.

வாசலுக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. டாக்ஸியின் பின்சீட்டில் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அங்கே வந்து என் பக்கம் நிற்பாளா, ஆறு மணி தாண்டும்வரை மறுபடியும் வாட்சைப் பார்ப்பாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து அந்த வாட்சைக் கழற்றி வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை.

"முடிச்சூருக்கு விடுங்கண்ணா," என்றேன்.